முதல் வேட்டை வில்: மரத்தைப் பார்க்கும் முன் முதுகைப் பாருங்கள்

வில் செய்ய இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது எந்த மரம் நல்லது என்றுதான். நானும் அங்கேதான் தொடங்கினேன். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: ஓசேஜ் ஆரஞ்சு மரம் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் யூ என்ற ஊசியிலை மரம். சரி என்று ஓர் ஓசேஜ் பிளாச்சை, அதாவது பிளந்த கட்டையை, தேடி வாங்கி, மூன்று வார விடுமுறைகளை அதில் கரைத்து, நாணேற்றி இழுத்தேன். 24 அங்குலம் வந்தபோது வெடிச் சத்தத்தோடு இரண்டாகப் போனது. மேல் துண்டு காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. மரத்தைக் குறை சொல்ல முடியாது. உடைந்த இடத்தைப் பார்த்தால், வில்லின் முதுகில், அதாவது குறியைப் பார்த்த பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு மரத்தின் ஓர் ஆண்டு வளையத்தை அறுத்து அடுத்த வளையத்துக்குள் இறங்கியிருந்தேன்.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இந்த வில்லுக்கு முதுகு எங்கிருந்து வரப்போகிறது? தானே ஒரு வில் செய்து அதையே வேட்டைக்கு எடுத்துப் போக நினைப்பவருக்கு நாலு வழிகள் இருக்கின்றன. ஓசேஜ், யூ போன்ற பேர்போன மரத்தைப் பிளந்து செய்யலாம். ஹிக்கரி, எல்ம், ஆஷ், மேப்பிள் போன்ற வெள்ளை மரங்களைப் பிளந்து செய்யலாம். மரக்கடைப் பலகையில் செய்யலாம். அல்லது மூங்கிலை முதுகாக ஒட்டிச் செய்யலாம். இந்த நாலையும் பிரித்துக் காட்டுவது மரத்தின் பெயரைவிட, முதுகு கிடைக்கும் விதம்.

வில்லின் முதுகு என்பது குறியைப் பார்த்த பக்கம், வயிறு என்பது நம்மைப் பார்த்த பக்கம். நாணை இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு அமுங்குகிறது. பெரும்பாலான மரங்கள் அமுக்கத்தைவிட இழுப்பை நன்றாகத் தாங்கும். அதனால் சரியாகச் செய்த வில்லில் முதலில் களைப்பது வயிறுதான். அந்தக் களைப்பு மெதுவாக வரும். நாணைக் கழற்றிய பிறகும் வில் கொஞ்சம் வளைந்தே நிற்கும், வயிற்றில் மயிரிழை போலக் குறுக்குக் கோடுகள் தெரியும். வில்லின் வேகம் குறையும், ஆனாலும் கையில் இருக்கும். முதுகு அப்படி அல்ல. அதில் ஒரு ரேகை (மர நார் ஓடும் வரி) அறுபட்டிருந்தால் அங்கே ஒரு சிராய் எழும்பும், அடுத்த இழுப்பிலோ அதற்கடுத்த இழுப்பிலோ வில் மொத்தமாகப் போய்விடும். நாணில் சவரக்கத்தி போலத் தீட்டிய வேட்டை அம்பு இருக்கும் நேரத்தில், முகத்துக்கு அரை அடி தூரத்தில், அது நடப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். வயிற்றுத் தவற்றுக்கு மன்னிப்பு உண்டு, முதுகுத் தவற்றுக்கு இல்லை.

ஓசேஜிலிருந்தே தொடங்குகிறேன். அதன் புகழ் பொய்யல்ல. வட அமெரிக்காவின் தென் மத்தியப் பகுதியில் பிறந்த மரம் அது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயரின் பொருளே வில் மரம் என்பதுதான். நம் மொழியிலும் சிலை என்ற சொல் வில்லையும், வில் செய்ய உதவும் ஒரு மரத்தையும் குறிக்கும். வில்லுக்கென்றே மரம் பிறக்கிறது என்று பல ஊர்க்காரர்களுக்குத் தோன்றியிருக்கிறது போலும். ஓசேஜ் கனமானது. அமுக்கத்தைத் தாங்குவதில் அதற்கு இணை குறைவு. பூச்சியும் ஈரமும் அதை எளிதில் அசைக்காது. ஒன்றேகால், ஒன்றரை அங்குல அகலத்திலேயே வேட்டைக்குப் போதுமான விசை வரும். அப்புறம் என்ன குறை? முதுகுதான். ஓசேஜின் பட்டையை உரித்தால் வெள்ளைப் பகுதி வரும். வழக்கமாக அதை முழுக்க எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் மஞ்சள் வைரத்தில் (முற்றிய உள்மரத்தில்) ஒரே ஓர் ஆண்டு வளையத்தைப் பிடித்து, அதை நுனி முதல் நுனி வரை எங்கேயும் அறுக்காமல் முதுகாக விட வேண்டும்.

சொல்வது எளிது. வளையம் என்பது இரண்டு அடுக்கு: பருவத் தொடக்கத்தில் வளர்ந்த துளைகள் நிறைந்த மெல்லிய அடுக்கு, பின்னர் வளர்ந்த கெட்டியான அடுக்கு. இரு கையாலும் பிடித்து இழுக்கும் சீவுக்கத்தி துளை அடுக்கில் போகும்போது மொறுமொறு என்று சத்தம் வரும். கெட்டி அடுக்கைத் தொட்டதும் அந்தச் சத்தம் நின்று வழுவழுப்பாகும். காதை வைத்து வேலை செய்யத் தெரிய வேண்டும். கணு வந்தால் வளையம் மேடாக ஏறும், கத்தியும் கூடவே ஏறி இறங்க வேண்டும். மரம் நெளிந்திருந்தால் வளையமும் நெளியும். வளையம் தடிமனாக இருந்தால் ஒரு நாளில் முடியும். காகிதம் போல மெல்லியதாக இருந்தால் கை பழகியவர்களே பெருமூச்சு விடுவார்கள். என் முதல் பிளாச்சு இந்த இரண்டாம் ரகம் என்பது உடைந்த பிறகுதான் தெரிந்தது.

யூ வேறு கதை. அதன் வெள்ளைப் பகுதி இழுப்பைத் தாங்கும், செவ்வைரம் அமுக்கத்தைத் தாங்கும். இரண்டையும் சேர்த்து விட்டால் மரமே ஒட்டுவேலை செய்து கொடுத்த மாதிரி. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் கிடைத்த 170-க்கும் மேற்பட்ட நெடுவிற்கள் யூ மரத்தில் செய்தவை. 100 பவுண்டுக்கு மேல் இழுவிசை கொண்ட போர் விற்கள் அவை, வேட்டைக்கு அவ்வளவு தேவையே இல்லை. ஆல்ப்ஸ் பனியில் 1991-இல் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓட்சி என்ற பனிமனிதரின் உடலோடும் ஒரு யூ வில் இருந்தது. 1.8 மீட்டருக்குச் சற்றே கூடுதல் நீளம், செய்து முடிக்காத வில். பாதி வேலையில் நிற்கும் வில் எனக்கு மட்டும் வாய்க்கவில்லை என்று அதைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் நேரான, கணு குறைந்த யூ கிடைப்பது அரிது. அதன் தூசியும் நஞ்சு, முகமூடி இல்லாமல் அரம் போடக் கூடாது. முதல் முயற்சியில் பாழாக்க மனம் வராத மரம்.

இப்போது வெள்ளை மரங்கள். ஹிக்கரி, எல்ம், ஆஷ், மேப்பிள் ஆகியவற்றில் முதுகு இலவசம். உயிர் மரத்தில் சாறு ஓடும் பருவத்தில் வெட்டினால் பட்டை வாழைப்பழத் தோல் போல உரிந்து வரும். அதன் அடியில் இருக்கும் வழுவழுப்பான பரப்புதான் வில்லின் முதுகு. வளையம் தேட வேண்டாம், கத்தி வைக்கவே வேண்டாம். மரம் தானே முடித்துக் கொடுத்த பரப்பு அது, ஒரு ரேகைகூட அறுபட்டிருக்காது. செய்ய வேண்டிய எல்லாத் தவறுகளையும் வயிற்றுப் பக்கத்தில் செய்துகொள்ளலாம், அந்தப் பக்கம்தான் மன்னிக்கும் பக்கம்.

இதற்குக் கொடுக்கும் விலை அகலம். இந்த மரங்கள் அமுக்கத்தில் ஓசேஜ் அளவுக்குத் தாங்காது, அதனால் பாரத்தைப் பரப்ப வேண்டும். கைப்பிடியை ஒட்டி இரண்டு அங்குல அகலம், வில்லின் கை (கைப்பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதி) ஒவ்வொன்றின் நடுப்பகுதி வரை அப்படியே, பிறகு நுனியில் அரை அங்குலமாகக் குறுகுவது ஒரு நல்ல வடிவம். பார்க்கத் துடுப்பு போல இருக்கும். புதுமை ஒன்றும் இல்லை. டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பில் கிடைத்த, சுமார் 9,000 ஆண்டுகள் பழைய விற்கள் எல்ம் மரத்தில் செய்த அகலமான தட்டை விற்கள்தான். ஓசேஜையே பார்த்திராத மனிதர்கள் அவற்றை வைத்துக் காட்டில் பிழைத்தார்கள்.

உலர்த்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளை மரத்தைக் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விடுகிறார்கள். வெட்டியவுடனே இரு முனைகளிலும் பசையோ மெழுகோ பூச வேண்டும், இல்லாவிட்டால் முனையிலிருந்து வெடிப்பு ஓடும். ஆப்பு வைத்துப் பிளக்க வேண்டும், ரம்பத்தால் அறுக்கக் கூடாது. பிளவு ரேகையோடு போகும், ரம்பம் தன் பாட்டுக்குப் போகும். முழுக் கட்டையாகக் காய வைத்தால் ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். அதைவிட, பச்சையாக இருக்கும்போதே வில்லின் உருவுக்குச் சற்றுப் பருமனாகச் செதுக்கி, பட்டையை உரித்து, முதுகுக்கு மெல்லிய பசை பூசி, நேரான ஒரு சட்டத்தில் கிளாம்ப் போட்டு நிழலில் வையுங்கள். சட்டம் இல்லாவிட்டால் கோணிக்கொள்ளும், முறுக்கிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்துத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சில வாரங்களில் வேலை முடியும். ஈரப்பதம் 8 முதல் 10 சதவீதம் என்பது பொதுவான இலக்கு, ஹிக்கரி இன்னும் கொஞ்சம் காய்ந்திருந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும். ஈரமாக இருக்கும்போதே வளைக்க அவசரப்பட்டால் வில் உடையாது, வளைந்த இடத்திலேயே சோம்பிப் படுத்துவிடும்.

பலகை வில்லுக்குக் காத்திருப்பே கிடையாது. சூளையில் காய்ந்த மரம், சனிக்கிழமை வாங்கி ஞாயிற்றுக்கிழமை வளைத்துப் பார்க்கலாம். நேரான துண்டு, ஒழுங்கான செவ்வகம், கோடு போட எளிது. ஆனால் முதுகு அறுத்த முதுகு. ரம்பம் ரேகையை மதித்ததா என்பது அதிர்ஷ்டம். ஆகவே பலகை வில்லில் பெரிய வேலை கடையிலேயே நடக்கிறது: ரேகைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விளிம்பில் ஓடி வெளியேறாமல் நேராகப் போகும் பலகையை, முகத்திலும் பக்கத்திலும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. ஐம்பது பலகையைப் புரட்டினால் ஒன்று தேறும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். முதுகில் லினன் துணியோ பச்சைத்தோலோ ஒட்டுவது வழக்கம். துணி சிராய் எழும்பாமல் அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். அறுபட்ட ரேகையை அது சேர்த்துத் தைக்காது. 35 பவுண்டு பயிற்சி வில்லுக்குப் பலகை அருமையான வழி. வில்லின் வளைவைச் சீராக்கக் கற்றுக்கொள்ள அதைவிட மலிவான பள்ளி இல்லை. வேட்டை விசைக்கு, அதுவும் முதல் வில்லாக, நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹிக்கரிப் பலகை ஒன்று நல்ல ரேகையோடு கையில் சிக்கினால் மட்டும் மனதை மாற்றிக்கொள்ளலாம்.

மூங்கில் முதுகு வைத்த வில் இந்த நாலில் வேகமானது என்று தயங்காமல் சொல்வேன். மூங்கிலின் வலு முழுதும் தோலை ஒட்டிய நார்களில் இருக்கிறது, அவை இழுப்புக்கென்றே பிறந்தவை. ஒட்டும்போதே வில்லை எதிர்ப்பக்கமாக ஓரிரு அங்குலம் வளைத்து ஒட்டிவிட்டால், செய்து முடித்த பிறகும் அந்த எதிர்வளைவில் ஒரு பங்கு நிற்கும். அதனால் இன்னும் வேகம். சிக்கல், முதுகு அளவுக்கு மீறி வலுவாகிவிடுவது. மூங்கிலை மூன்று மில்லிமீட்டருக்குள், ஓரங்களில் கத்தி முனை போல மெலிய வைக்காவிட்டால் அது நீள மறுக்கும், பாரம் முழுதும் வயிற்றில் இறங்கி அதை நசுக்கும். ஆகவே வயிற்றுக்கு ஓசேஜ், இப்பே போன்ற கடினமான மரம் தேவை. சுற்றி வந்து மறுபடி அதே மரத்தைத் தேடும் வேலை. கூடவே தட்டையாக இழைத்த இரண்டு பரப்புகள், நல்ல பசை, இருபதுக்குக் குறையாத கிளாம்புகள் அல்லது டயர் டியூபை வெட்டிய ரப்பர்ப் பட்டைகள் வேண்டும். ஒட்டிய கோட்டில் ஓர் இடம் காலியாக இருந்தால் அது தெரியவருவது இழுக்கும்போதுதான். இரண்டாவது, மூன்றாவது வில்லாக இதைச் செய்யுங்கள்.

பலவீனமான மரத்துக்கு வெளியிலிருந்து முதுகு கொடுப்பது பழைய வித்தைதான். யாஹி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தில் கடைசியாக எஞ்சிய இஷி 1911-இல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்தார். அவரிடமிருந்து சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் வில் வேட்டையைக் கற்றுக்கொண்டார், இன்றைய அமெரிக்க வில் வேட்டை மரபின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. இஷி விரும்பிய வில் ஜூனிபர் மரத்தில் செய்தது, குட்டையானது. வெறும் ஜூனிபரை அவ்வளவு குட்டையாக வளைத்தால் ஒடிந்துவிடும். விலங்கின் தசைநாரை முதுகில் ஒட்டி அதை வேட்டை வில்லாக்கினார். தசைநார் முதுகு இன்றும் செய்கிறார்கள், ஆனால் மழைக்கும் விலங்குப் பசைக்கும் ஆகாது. நீர் ஊறினால் பசை இளகும்.

வேட்டை என்று வரும்போது வில்லிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதையும் பார்த்துவிடலாம். சட்டம் முதலில். வேட்டையே தடை செய்யப்பட்ட நாடுகளும் உண்டு, துப்பாக்கிக்கு அனுமதி கொடுத்து வில்லுக்கு மறுக்கும் நாடுகளும் உண்டு. அங்கேயெல்லாம் இந்த வில் இலக்குப் பலகைக்கு மட்டும்தான். அனுமதிக்கும் இடங்களிலும் குறைந்தபட்ச இழுவிசை விதி பெரும்பாலும் இருக்கும். மானுக்கு 35, 40 பவுண்டு என்று பல அமெரிக்க மாநிலங்கள் வைத்திருக்கின்றன. தானே செய்த வில்லுக்கு யாரும் முத்திரை குத்தித் தர மாட்டார்கள், தராசில் தொங்கவிட்டு நீங்களே அளக்க வேண்டும்.

வேகம் இரண்டாவது. ஒற்றைக் கட்டையில் செய்த 45 முதல் 50 பவுண்டு வில், கனமான அம்பை விநாடிக்கு 150 அடி அளவில் அனுப்பும். 20 கஜ தூரத்தைக் கடக்க அம்புக்கு 0.4 விநாடி ஆகிறது. நாணின் சத்தமோ சுமார் 0.05 விநாடியில் விலங்கின் காதுக்குப் போய்விடும். மிச்ச நேரத்தில் மான் தாழ்ந்து திரும்பிவிட முடியும். மூங்கில் முதுகு இதில் கொஞ்சம் வேகம் கூட்டும், ஆனால் கணக்கை மாற்றாது. 1966-இல் ஹோலஸ் வில்பர் ஆலன் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த, நுனிகளில் கப்பி வைத்த காம்பவுண்ட் வில் அதை மாற்றியது. இன்றைய காம்பவுண்ட் விநாடிக்கு 300 அடியைத் தொடும், இழுத்துப் பிடிக்கும்போது பாரத்தில் பெரும்பகுதியைத் தானே சுமக்கும். மர வில்லில் முழுப் பாரமும் நம் விரலில். ஆகவே மர வில் வேட்டை என்பது 15, 20 கஜத்துக்குள் நெருங்கும் கலை. அந்தத் தூரத்தில் பத்து அடி வேகம் கூடுவதைவிட, வில் சத்தமில்லாமல் இருப்பதும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எய்வதும் பெரிது. அகலமான வெள்ளை மர வில் இதில் யாருக்கும் சளைத்ததல்ல.

மூன்றாவது, விசை கைநழுவும் விதம். மரத்தின் விறைப்பு அகலத்தோடு நேராக ஏறும், தடிமனோடு அதன் மும்மடிப் பெருக்கமாக ஏறும், அதாவது தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. தடிமனில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். வளைவு சீராக இல்லை என்று அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் சுரண்டி, 50 பவுண்டு என்று தொடங்கியது 38-இல் வந்து நிற்பது எல்லோருக்கும் நடப்பது. எந்தக் கட்டத்திலும் இலக்கு விசைக்கு மேல் இழுக்காதீர்கள், 45 வேண்டுமென்றால் தராசு 45 காட்டியதும் நிறுத்திவிட வேண்டும், நாண் எத்தனை அங்குலம் வந்திருந்தாலும் சரி. ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் இருபது முப்பது தடவை மெல்ல இழுத்துவிட்டால்தான் மரம் தான் எங்கே நிற்கிறது என்று காட்டும். பிளந்த கட்டையில் மரம் மிச்சம் இருக்கும், இந்தத் தவறுகளுக்கு இடம் கொடுக்கும். முக்கால் அங்குலப் பலகையில் அந்த மிச்சம் குறைவு, ஒட்டிய மூங்கில் வில்லில் முதுகைத் தொடவே முடியாது.

நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 28 அங்குலம் இழுப்பவருக்குக் கைப்பிடி வளையாத வில் 66 முதல் 68 அங்குலம் இருக்கட்டும். புதருக்குள் குட்டை வில் வசதிதான், ஆனால் முதல் வில்லில் அந்த வசதிக்காக மரத்தை அதன் எல்லைக்குத் தள்ளாதீர்கள். நாணுக்கு டாக்ரான் என்ற பாலியெஸ்டர் நூல் போதும். கொஞ்சம் நெகிழும் நாண், மர நுனியை வெட்டாது.

ஆக என் தேர்வு: ஹிக்கரி கிடைத்தால் ஹிக்கரி, இல்லாவிட்டால் எல்ம் அல்லது ஆஷ், பட்டைக்கு அடியில் உள்ள பரப்பே முதுகாக. வெட்டும் மரம் கிடைக்கவே கிடைக்காது, அடுக்குமாடி வீட்டில் சம்மட்டி அடிக்க முடியாது என்பவர்கள் பலகைக்குப் போகட்டும், முதல் வில்லை 35 பவுண்டில் நிறுத்தி இலக்குப் பலகையோடு ஓர் ஆண்டு பழகட்டும். தச்சு வேலை கைவந்தவர்கள் நேராக மூங்கிலுக்குத் தாவலாம், பசைக்கோடு அவர்களைப் பயமுறுத்தாது. இந்தப் பருவத்திலேயே வேட்டைக்குப் போக வேண்டும், நேரமில்லை என்றால் நன்றாக வில் செய்பவர் ஒருவரிடம் வாங்கிவிடுங்கள். அவசரத்தில் செய்த வில்லோடு காட்டுக்குப் போவதை விட அது மேல்.

வெள்ளை மரத்துக்கு இன்னொரு லாபம் உண்டு. ஒரு கட்டையைப் பிளந்தால் இரண்டு பிளாச்சு நிச்சயம், பருமனாக இருந்தால் நாலு. என் எல்ம் கட்டையில் முதல் பிளாச்சு கணுவில் போனது, இரண்டாவது 31 பவுண்டில் நின்றது, மூன்றாவது 44 பவுண்டு வில்லாகி இன்றும் எய்துகொண்டிருக்கிறது. நாலாவது அடிமுனையில் பசையோடு அறை மூலையில் நிற்கிறது. அதன் பக்கத்தில் ஓசேஜ் ஒன்றும் இருக்கிறது. இந்த முறை முனையில் வளையங்களை எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன்.